கட்டிலுக்கு அடியில் இரண்டு பேட்டரி

எங்கள் வேன் வெடித்தது ஆயுத பூஜை அன்று சாயங்காலம். இப்படிச் சொன்னதும் கேட்பவர்கள் டீசல் டேங்க், கேஸ் சிலிண்டர் என்று எங்கெங்கோ போய்விடுவார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் கொசு அடிக்கப் போனார், அவ்வளவுதான். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வருவதில்லை. சர்வீஸ் முழுக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திய மனிதர் அவர். வெடித்ததும் அவர் பாடத்தில் வரும் வாயுதான்.

முதலில் வேன் எங்கள் வீட்டு வாசலுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று சத்தம் அடங்கிவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் நான் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். தாம்பரத்தில் டாக்டர் ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். முகத்தில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், தலைமாட்டில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. "இது இல்லாம ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது சார்" என்றார் டாக்டர். அந்த மெஷின் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒழுங்காகத் தூங்கினோம்.

ஆனால் ஒரு தடவை சொந்தக்காரர் வீட்டில் தங்கியபோது, காலையில் அறைக்குள் ஓடிவந்த ஒரு குழந்தை அந்தக் குழாயைப் பார்த்து அலறிவிட்டது. வீடே கூடிவிட்டது. மனிதர் கூசிப் போய்விட்டார். அன்றோடு வெளியே தங்குவதை நிறுத்திக்கொண்டார். கல்யாணமோ காதுகுத்தோ, காலை ரயிலில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். யார் கேட்டாலும் வீட்டில் தண்ணீர் லாரி வருகிறது, ஆள் வேண்டும் என்பார். எத்தனை தண்ணீர் லாரி, அடேயப்பா.

அப்படி இருந்தவருக்கு அவர் தம்பி மகளின் கல்யாணம் வந்தது. தம்பி இறந்து வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பெண் பொத்தேரியில் படித்த காலத்தில் சனி, ஞாயிறு எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அப்பா இடத்தில் நின்று நாங்கள்தான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். முகூர்த்தமோ விடியற்காலை. மண்டபம் விழுப்புரம் தாண்டி வயல்களுக்கு நடுவில். பக்கத்தில் லாட்ஜ் கிடையாது, கரண்ட் நினைத்தால் வரும், ரிசப்ஷன் முடிந்ததும் ஜெனரேட்டரை அணைத்துவிடுவார்கள் என்றாள் அந்தப் பெண். "பெரியப்பா, நீங்க முந்தின நாளே வந்து தங்கணும். தண்ணி லாரி கதையெல்லாம் என்கிட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அவர் பத்து நாள் யோசனையாகவே திரிந்தார்.

பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் ஹாரன் சத்தம். கேட்டைத் திறந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய மினி வேன் ஒன்று. உள்ளே கட்டில், குட்டி ஃபிரிட்ஜ், ஃபேன், பூப்போட்ட திரைச்சீலை. யாரோ ஒருவர் ஊர் சுற்ற ஆசைப்பட்டு வீடு மாதிரி மாற்றி வைத்து, சலித்துப் போய் விற்றிருக்கிறார். டிரைவர் சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் இறங்கினார். "ரூம் கூடவே வந்துடும்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்திரிக்காய் வாங்குவதற்கு இரண்டு தடவை போன் செய்யும் மனிதர் இவர்.

பெருங்களத்தூரில் எங்கள் தெரு அகலமே அந்த வேன் அகலம்தான். எதிர் அபார்ட்மென்ட் பையன்கள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். "ஆன்ட்டி, கேரவன் வந்துருச்சு, ஷூட்டிங் எப்போ?" நான் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய் வந்தேன்.

இந்த மாதிரி வண்டியில் பேட்டரி இரண்டு வகை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இன்ஜினைக் கிளப்ப ஒன்று. அது ஒரே மூச்சில் பலத்தைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். உள்ளே இருக்கும் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்கு வேறு பேட்டரி. அது இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் வீட்டுப் பக்கத்துக்கும் இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியையே போட்டு வைத்திருந்தார். அதுவும் கிழடு. எங்களுக்கு அது தெரியாது. ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு, "தூங்கிப் பார்க்கிறேன்" என்று அவர் மாஸ்கை மாட்டிக்கொண்டு வேனில் படுத்தார். நான் கால்மாட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மெஷின் உஸ்ஸென்று ஓடியது. அவரும் தூங்கிவிட்டார். பாதிக் கீரைகூட ஆயவில்லை, மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் நெஞ்சு ஏறவில்லை. மாஸ்கைப் பிடுங்கி, கன்னத்தில் ஓர் அறை விட்டேன். விலுக்கென்று எழுந்து மூச்சை இழுத்தார். கீரை வேன் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. 

நல்ல பேட்டரி போடாவிட்டால் கல்யாணத்துக்குப் போவதில் அர்த்தமே இல்லை என்பது அன்றைக்குப் புரிந்தது.

கல்யாணப் பெண் போனில் சொன்னாள்: "பெரியப்பா, லித்தியம் போட்ருங்க. வெயிட் கம்மி, தண்ணி ஊத்த வேணாம், கடைசி வரைக்கும் ஒரே மாதிரி பவர் குடுக்கும்." அவருக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே முகம் மாறிவிட்டது. டிவியில் ஸ்கூட்டர்கள் எரிவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! "தலைக்குக் கீழ வெடிகுண்டு வெச்சிட்டுத் தூங்கச் சொல்றியாம்மா?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதுவும் இதுவும் வேறு வகை லித்தியம் என்று அவள் விளக்கினாள். அவர் காதில் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்குப் பேட்டரி போட்ட கடைக்காரர் இருக்கிறார். வேனைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஜெல் பேட்டரி என்று ஒன்று காட்டினார், மூடி வைத்தது, தண்ணீர் வேண்டாம். ஆனால் மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும் என்றார். பிறகு உயரமான ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இன்னா சார் இவ்ளோ யோசனை? ஒங்க வூட்ல படிக்கட்டுக்குக் கீழ ஓடிகினு கீதே, அதே டியூபுலர் தான். ரெண்டு போட்டு வுடறேன். தண்ணி மட்டும் பாத்துக்கோ, நெருப்பு கிட்ட காட்டாத. அஞ்சி வருசத்துக்குக் கேள்வியே கெடையாது." தெரிந்த பொருள், தெரிந்த கடை. எங்கள் தெருவில் அந்தப் பேட்டரி இல்லாத வீடே இல்லை. என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கட்டிலுக்கு அடியில் பலகைப் பெட்டிக்குள் இரண்டையும் இறக்கி, பழைய சார்ஜரிலேயே இணைத்துக் கொடுத்தார்கள்.

வீட்டில் அதே பேட்டரி மாடிப்படிக்குக் கீழே காற்றாட நிற்கிறது. வேனில் பலகைப் பெட்டிக்குள், மெத்தைக்கு அடியில், கண்ணாடி எல்லாம் இறுக்கி மூடிய இடத்தில் நிற்கிறது. இந்த வித்தியாசம் கடைக்காரருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே வீட்டிலிருந்து ஒயர் இழுத்துப் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுவிட்டார். பூஜைக்கு மறுநாள் மதியம் படுத்துப் பார்ப்பதாகத் திட்டம். கொசு வரும் என்று ஜன்னல் ஒன்றையும் திறக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை. "பேட்டரியா இருக்குமோ?" என்றேன். பக்கத்து அபார்ட்மென்டில் கழிவுநீர் லாரி குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையால் காட்டினார். "பேட்டரியிலேர்ந்து வர்றது ஹைட்ரஜன். ஹைட்ரஜனுக்கு வாடையே கிடையாது" என்றார், என்னை மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்த மாதிரி. எங்கள் பக்கத்தில் கெட்ட வாடை என்றால் கழிவுநீர் லாரிதான், வேறு எதையும் யாரும் யோசிப்பதில்லை.

சாயங்காலம் வேனைக் குழாய் போட்டுக் கழுவி, மாலை போட்டோம். கட்டில் பலகையைத் தூக்கி, புதுப் பேட்டரி இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு மறுபடி மூடினார். கற்பூரத் தட்டோடு நான் வேனுக்குள் ஏறப் போனேன். "நில்லு!" என்று போட்டார் ஒரு சத்தம். நான் பயந்து போய் நின்றுவிட்டேன். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தாருக்கு அங்கேயே ஒரு வகுப்பு எடுத்தார். "சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். எரியிற குச்சிய காட்டினா 'பாப்'னு வெடிக்கும். ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க." கற்பூரத்தை என்னிடமிருந்து வாங்கி, தெருமுனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேனுக்குக் காட்டினார். சாமி தூரத்தில் நின்றது, ஆரத்தி தெருமுனையில் எரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையும்தான்.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கியாயிற்று. பூஜைக்காகக் கதவு திறந்தே கிடந்ததால், பொழுது சாய்கிற நேரத்தில் கொசுக்கூட்டம் உள்ளே நுழைந்துவிட்டது. "இரு, அடிச்சிட்டு மூடிடறேன்" என்று அவர் கூடத்துக்குப் போய்க் கொசு பேட்டை எடுத்து வந்தார். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் கேட்கிற சத்தம்தானே அது. பட், பட், பட். நான் தட்டோடு வாசலில் நின்றேன். உள்ளே பட் என்றது. இன்னொரு பட். கொசு கட்டிலுக்கு அடியில், பலகை இடுக்கில் ஒளிந்திருக்கிறது போல. குனிந்தார். பேட்டை இடுக்குக்குள் நீட்டினார்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. காது அடைத்தது, வேன் ஒரு தடவை தூக்கிப் போட்டது, மெத்தை பறந்து கூரையில் மோதி விழுந்தது. தெருவில் யாரோ "தீபாவளிக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டானுங்க" என்று கத்தியது கேட்டது. பிறகு புகை. என் கையில் தட்டு இல்லை, எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.

உள்ளே அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக ஏதோ தெறித்திருந்தது. ஆசிட்! வேன் கழுவிய குழாய் தெருவிலேயே கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு ஏறி, தலையில், முகத்தில், கையில், நெஞ்சில் பீய்ச்சினேன். எதிர்வீட்டுக்காரர் ஓடிப் போய் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினார். "என்னாச்சு? என்னாச்சு?" என்று இவர் கத்தினார். சாதாரணமாகச் சத்தம் போட்டுப் பேசாதவர், தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். நான் சொன்னது எதுவும் அவருக்கு எட்டவில்லை. அந்த மூக்குக் கண்ணாடி மட்டும் இல்லாமல் இருந்தால்? இன்றைக்கும் அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

எதிர்வீட்டுக்காரர் காரில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரை அடைத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எங்கள் கார் முன்னாடியே குறுக்கே ஓடினார்கள். ஈர வேட்டியோடு அவர் என் தோளில் சாய்ந்து, "கொசு பேட்டு... ஸ்பார்க்கு... எனக்குத் தோணவே இல்ல பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும்தான் தோன்றவில்லை. கற்பூரத்தை நெருப்பு என்று பார்த்தோம். கொசு பேட்டைத் துடைப்பம் மாதிரி, முறம் மாதிரி வீட்டுச் சாமானாகத்தானே பார்த்தோம்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை. கையிலும் தாடையிலும் சின்னச் சின்னப் புண்கள். காது டாக்டரிடம் அவர் உள்ளே போனார். நான் களிம்பு வாங்க மருந்துக் கவுன்ட்டர் வரிசையில் நின்றேன். வெளியே வந்தவர், "சவ்வு வீங்கியிருக்காம். தானா சரியாயிடும்" என்றார். நான் கும்பிட்டுக்கொண்டேன். மறுநாள், பூஜைக்கு அவர் கட்டியிருந்த புது வேட்டியைத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். கையோடு பிய்ந்து பிய்ந்து வந்தது. ஆசிட் பட்ட இடமெல்லாம் ஓட்டை. அதைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இது அவர் தோலாக இருந்திருக்க வேண்டியது.

கடைக்காரர் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தினி வருசமா கடை வெச்சிகினு கீறேன் அக்கா. கொசு பேட்டால பேட்டரி வெடிச்சி நான் கேட்டதே இல்ல." பழைய சார்ஜர் நிற்காமல் ஏற்றிக்கொண்டே இருந்ததில் பேட்டரி கொதித்திருக்கிறதாம், காலையில் வந்த முட்டை வாடையும் அதுதானாம். கூடியிருந்த தெருக்காரர்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் நகர்ந்தார்கள். அன்றைக்கே எல்லா வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருந்த கொசு பேட்டுகள் இடம் மாறிவிட்டன.

அவர் வேனை விற்றுவிடலாம் என்றார். "கல்யாணம்?" என்றேன். "அவ மாமா தாரை வார்க்கட்டும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம். ஒரு குழந்தை அழுததற்காக இத்தனை வருஷம் வீட்டுக்குள் உட்கார்ந்தது போதாதா? இப்போது ஒரு கொசுவுக்காக மிச்சத்தையும் உட்கார்ந்து கழிப்பதா? "நீங்க ஒண்ணும் வாங்க வேணாம். நானே வாங்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

அவள் நேரில் வந்தாள். பெரியப்பாவின் தாடையைத் தொட்டுப் பார்த்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். இந்த வகை இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த லித்தியம், லேசில் தீப்பிடிக்காது, சார்ஜ் போட்டால் வாயு விடாது, சூடு ஏறினாலோ அளவு மிஞ்சினாலோ உள்ளே இருக்கும் சர்க்யூட் தானாகவே துண்டித்துவிடும். இந்தத் தடவை அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கூர்ந்து கேட்டார். எனக்கு ஒரே திகைப்பு. எதைக் கண்டு நடுங்கினோமோ அது சாதுவாம், பழகியது என்று கட்டிக்கொண்டது வெடித்ததாம்!

பழைய சார்ஜரை வைத்து இதற்குச் சார்ஜ் போடக் கூடாது என்றாள். அதையும் மாற்றினோம். இன்ஜினிலிருந்து நேராக வரும் ஒயருக்கு நடுவில், கரண்டை அளவாக விடும் ஒரு சின்னக் கருவி வைக்கச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் எதுவும் வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பின் கதவு ஓரம் இரும்புப் பெட்டி அடித்துக் காற்றுப் போக வழி விட்டோம். அதே கடைக்காரர்தான் மாட்டினார், என் கண் முன்னால், ஒவ்வொரு நட்டாக. அந்தப் பேட்டரியை நான் ஒருத்தியாகவே தூக்கிவிட்டேன். வெடித்ததில் ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அன்றோடு கொசு பேட்டுக்கு வேனுக்குள் தடை போட்டேன். கொசு என்றால் கைதான்.

மதியத் தூக்கப் பரீட்சையில் பேட்டரி பாஸ். நான் ஒரு மூட்டை மொச்சை உரித்து முடித்தேன், மெஷின் பாட்டுக்கு உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. இடையில் அவரிடம் சில புது வழக்கங்கள் சேர்ந்தன. கட்டிலில் பக்கம் மாற்றிப் படுத்தார், குழாய் இழுக்கிறது என்றார். தெருவில் நடந்தால் என்னை எப்போதும் வலது பக்கம் வரச் சொன்னார், வண்டி வருகிறது என்றார். டிவி சத்தம் ஏறியது. நான் கூப்பிட்டால் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சைக் காதில் வாங்கியவரா என்ன, என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானமே மண்டபம் போய்ச் சேர்ந்தோம். வேனைப் பின்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து ஏறி இறங்கினார்கள். தலைமாட்டில் மாஸ்க் வெளிப்படையாகத் தொங்கியது. ஒரு பொடியன், "இது என்னா தாத்தா?" என்று கேட்டான். "இத மாட்டிக்கிட்டா பைலட்" என்றார். நான் முகத்தை முந்தானையால் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன். எத்தனை வருஷம் ஆயிற்று, சொந்தக்காரர் கூட்டத்துக்கு நடுவில் இந்த மனிதர் இப்படிச் சிரித்து!

பொழுது சாயும் நேரம். எல்லாரும் ரிசப்ஷனுக்கு அலங்காரம் செய்துகொள்ள உள்ளே போய்விட்டார்கள். மேளம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, வயல் பக்கம் அமைதியாக இருந்தது. வேன் வாசலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அவருக்கு வலது பக்க நாற்காலியில் புது வேட்டியும் துண்டும் மடித்து வைத்திருந்ததால், நான் இன்னொரு நாற்காலியை இழுத்து இடது பக்கம், கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்தேன். அவர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொசு அவர் இடது காதுக்குப் பின்னால் ரீங்கரித்தது. எனக்கே கேட்டது. அவர் கையை ஓங்கவில்லை. நான் இரண்டு கையையும் கொண்டுபோய், அவர் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி, பளாரென்று தட்டினேன்.

அவர் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

 இன்னொரு தடவை தட்டினேன், கொசு இல்லாமலேயே. இன்னும் பலமாக. அவர் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் மாற்றிய தலையணை, வலது பக்க நடை, டிவி, சாய்த்த தலை, காது டாக்டரின் அறையிலிருந்து தனியாக வந்து சொன்ன பதில், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இடது காது போயே போய்விட்டது, வலதிலும் பாதிதான் மிச்சம். சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே வேனை விற்றிருப்பேன். அது அவருக்குத் தெரியும். விற்றுவிடலாம் என்று வாயால் சொல்லிவிட்டு, இந்தக் கல்யாணத்துக்கு வந்து சேரும்வரை இதை மட்டும் என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறார்.

நான் எழுந்தேன். அவரைச் சுற்றிக்கொண்டு போய், வேட்டியையும் துண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏன் இங்க வந்துட்டே?" என்றார்.

"அந்தப் பக்கம் கொசுங்க" என்றேன்.